கேப்டன் ரோச் கடலுக்குப் போன வைபவம்

இந்துமாக் கடலின் வரலாற்றை இனி யார் எழுதினாலும், அதை மில்லர்புரத்தில் ஒரு மாடி அறையிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். எத்தனையோ சரக்குக் கப்பல்கள் அந்த அறையிலிருந்து புறப்பட்டுப் புயலைக் கிழித்திருக்கின்றன, கொள்ளையரை விரட்டியிருக்கின்றன, பெயர் வாயில் நுழையாத துறைமுகங்களில் பத்திரமாக அணைந்திருக்கின்றன. அறையின் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி தெரியும். கடல் தெரியாது. ரோச் அந்த வீட்டை வாடகைக்குப் பிடித்ததே அதற்காகத்தான்.

ரோச்சுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஒரு வங்கி ஊழியருக்கு இப்படி நேர்ந்திருந்தால் யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். ரோச் பிறந்தது தண்டல் குடும்பத்தில். தோணியை நடத்துகிற தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். அப்பா தண்டல், அப்பாவைப் பெற்றவர் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போனவர்கள். ரோச்சையும் மீசை முளைத்ததும் ஏற்றி அனுப்பினார்கள். துறைமுக வாயைத் தாண்டும்போது ஓங்கரிக்க ஆரம்பித்தவன் மாலத்தீவில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. அந்தப் பரம்பரையில் விமானத்தில் ஊர் திரும்பிய முதல் ஆள் என்ற பெயர் அவனுக்குக் கிடைத்தது. பெருமையாக யாரும் அதைச் சொல்வதில்லை.

இதெல்லாம் தெரிந்துதான் புன்னைக்காயல் விஜிலா அவனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். விஜிலாவின் அண்ணன் ரெக்ஸும் தண்டல்தான். 'சலேத் மாதா' என்கிற தோணியை ஓட்டுகிறவர். வருசா வருசம் ஊர்த் திருவிழாவுக்கு மாமனார் வீட்டில் விருந்து நடக்கும். எல்லோர் இலையிலும் இறால் விழும்போது ரெக்ஸ் எழுந்து வந்து, ரோச்சின் இலையோரம் மட்டும் முழுசாக ஒரு எலுமிச்சம்பழத்தை வைப்பார்.

"மோந்துக்கிட்டே சாப்பிடும் மாப்ள. கொண்டக்காத்து ஓங்கி அடிக்கி. வீடு ஆடுனாலும் ஆடும்."

பந்தி முழுக்கச் சிரிக்கும். ரோச்சும் சிரிப்பான், அதுதான் கொடுமை. விஜிலா அதற்குமேல் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். எலுமிச்சம்பழத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பி, ஆத்தூர்ப் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி, ஆற்றில் வீசிவிட்டு ஏறி உட்காருவாள்.

"ஒரே ஒரு தடவங்க," என்று பாலத்தில் வைத்து ஒருமுறை சொன்னாள். "ஒரு தடவ தோணில ஏறிக் கடலுக்குப் போய்ட்டு வந்துருங்க. எங்கண்ணன் வாய அடச்சாப் போதும். பெறகு வாழ்நாளெல்லாம் நீங்க கடல் பக்கம் திரும்பிப் பாக்க வேண்டாம்."

ரோச் வண்டியை முறுக்கினான்.

ஊரடங்குக் காலத்தில் அவன் வேலை பார்த்த செல்போன் பழுதுபார்க்கும் கடை மூடிக்கிடந்தது. பொழுது போகாமல் கணினியில் கப்பல் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பிடித்தான். அதில் கடல் இருந்தது. ஆனால் நாற்காலி ஆடவில்லை. ரோச்சுக்கு முதன்முதலாகக் கடலைப் பிடித்துப்போனது. விளையாடிக்கொண்டே பேசிப் படம்பிடித்து யூடியூபில் போட்டான். சின்ன வயதில் வீட்டில் காதில் விழுந்த பேச்செல்லாம் தானாக வந்தது. "ஏலே, சுக்கான வலத்த ஒடி! கச்சான் காத்து அணியத்துல மோதுது பாரு! விட்டா சரக்கோட தோணியும் போயிரும்லே!" என்று அவன் மெய்நிகர் மாலுமிகளை ஏசுவதைக் கேட்கவே ஜனம் கூடியது. பேன்சி கடையில் தங்க ஜரிகை வைத்த வெள்ளைத் தொப்பி ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகு அவன் 'கேப்டன் ரோச்'. துபாயில் ஒரே அறையில் எட்டுப் பேராய்க் கிடந்த காயல்பட்டினத்துக்காரர்கள், "மாஷா அல்லாஹ், கேப்டன் காக்கா!" என்று எழுதினார்கள். காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். தான் கடலோடி என்று ரோச் எந்தக் காணொளியிலும் சொன்னதில்லை. கடலோடி இல்லை என்றும் சொன்னதில்லை. பார்ப்பவர்கள் லட்சக்கணக்கில் ஆனபோது, இனிச் சொல்வதற்கு நேரமும் இல்லாமல் போயிற்று.

இந்த நேரத்தில்தான் முத்துக்கரை கடல்சார் மாண்பு மேம்பாட்டுக் கழகம் அவனைக் கண்டெடுத்தது.

கழகத்தின் அலுவலகம் புறவழிச்சாலையில், டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில், குளிர்சாதன வசதியோடு இருந்தது. சுவரில் ஒரு கப்பல் சக்கரம் மாட்டியிருந்தார்கள். தலைவர் செந்தூர்பாண்டி கூட்டுறவுத் தணிக்கையில் ஓய்வு பெற்றவர். செயலாளர் அருணாசலவடிவு அம்மையார் ஏரல் பக்கத்து வயற்காட்டுக் குடும்பம். சைவம், மீன் வாடை ஆகாது. ஆண்டுதோறும் கழகம் இரண்டு கருத்தரங்குகள் நடத்தும். ஒன்று, 'இளைஞர்களே, கடலுக்கு வாருங்கள்'. அதற்குப் பேச்சாளர்களும் சமையல்காரரும் வருவார்கள். மற்றது, 'கணினி விளையாட்டு எனும் நச்சு'. அதற்குப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வருவார்கள். பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்து ரோச்சின் காணொளி பார்ப்பார்கள்.

அங்கே ஒரு பிள்ளையிடமிருந்து பிடுங்கிய அலைபேசியைத்தான் அருணாசலவடிவு அம்மையார் தலைவரிடம் நீட்டினார். "கொஞ்சம் இதப் பாருங்க. நாம கூப்பிட்டு ஒருத்தன் வரல. இந்தத் தொப்பிக்காரன் கூப்பிடாமலே லட்சம் பேரு கடலுக்குள்ள நிக்கான்."

அவசரக் கூட்டம் கூடியது. 'நச்சு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நவீனம்' என்ற சொல்லைச் சேர்ப்பதாக ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கருத்தரங்கின் பதாகையில் அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் தாள் ஒட்டினார்கள். கேப்டன் ரோச்சைக் கழகத்தின் 'கடல் தூதர்' ஆக்குவது என்றும் முடிவானது. ஆனால் கழகத்துக்கு மரபு உண்டு. தகுதிக் குழு நேரில் பார்க்காமல் யாருக்கும் பொன்னாடை போர்த்தியதில்லை.

தகுதிக் குழுவின் முன்னால் ரோச் மடிக்கணினியோடு உட்கார்ந்தான்.

"எத்தனை கடல் மைல் பயணம் செய்திருக்கிறீர்கள்?" என்று தலைவர் கேட்டார்.

விளையாட்டின் திரையில் ஒரு மூலையில் அந்தக் கணக்கு இருந்தது. ரோச் திரையைத் திருப்பிக் காட்டினான். பூமியை நாலைந்து முறை சுற்றி வரும் தூரம். குழு அதைப் பார்த்து எழுந்து நின்றது.

"சார், இது கேம்ல..."

"எதில் என்பது நிர்வாக விஷயம். பதிவு இருக்கிறதா, இருக்கிறது. நான் முப்பது வருசம் தணிக்கை பார்த்தவன் தம்பி. சரக்கு இருக்கிறதா என்று நான் ஒருநாளும் கிட்டங்கியைத் திறந்து பார்த்ததில்லை. பதிவைத்தான் பார்ப்பேன்."

குழுவில் இருந்த மருத்துவர் ரோச்சின் இரண்டு கட்டைவிரல்களையும் மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடற்பயணத்துக்கு உடல் தகுதி உண்டென்று எழுதிக் கொடுத்தார்.

"கப்பல் ஏதாவது மூழ்கியிருக்கிறதா?" என்று அருணாசலவடிவு அம்மையார் மெதுவாகக் கேட்டார்.

"நெறைய மூழ்கியிருக்கு மேடம். ஆரம்பத்துல பழக்கமில்லல்லா. ஒரு கண்டெய்னர் கப்பல் மாலுமிகளோட பாறையில..."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கடலில் உயிர்நீத்த அந்த மாலுமிகளுக்காகக் கழகம் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. ரோச்சும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். அவன் வாழ்க்கையில் அதைவிட நீளமான நிமிடத்தை அவன் பார்த்ததில்லை.

விழாவைத் தோணியிலேயே நடத்துவது, கேப்டன் ரோச் தன் கையால் இரண்டு கடல் மைல் தூரம் தோணியைச் செலுத்துவது என்று அடுத்த தீர்மானம் வந்தது. கூட்டம் கலைந்ததும் ரோச் மாடிப்படியில் தலைவரை மறித்தான்.

"சார், உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். எனக்குக் கடல் ஒத்துக்காது. ஏறுனா வாந்தி வந்துரும். என்னைய விட்டுருங்க."

செந்தூர்பாண்டி சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு கடலோரத்து ஆள் ஒருவருக்கும் காட்டாத கனிவோடு அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, எனக்கும் ஒத்துக்காது. செயலாளருக்கும் ஒத்துக்காது. பொருளாளர் ஸ்பிக்நகர் தாண்டுனதில்ல. அதுக்காக நாங்க கடல்சார் கழகத்த விட்டுட்டோமா? கடல் ஒத்துக்கிட்டவன்லாம் கடல்ல கெடக்கான். கழகத்துக்கு எப்படி வருவான்?"

அழைப்பிதழில் ரோச்சின் பெயருக்கு முன்னால் 'தன்னடக்கச் செம்மல்' என்று சேர்த்திருந்தார்கள்.

விஜிலாவிடம் மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தான். அவள் அதற்குள் அழைப்பிதழைப் புன்னைக்காயல் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டிருந்தாள். கழகம் வாடகைக்கு எடுத்த தோணி 'சலேத் மாதா'.

"எங்கண்ணன் தோணியேதான்!" அவள் கண் கலங்கியிருந்தது. "அவரு கண்ணு முன்னாலயே நீங்க போய்ட்டு வாரீங்க. மாத்திரை போட்டுக்கிடுங்க. வாந்தி வந்தாலும் பரவால்ல, முழுங்கிக்கிடுங்க. கடலுக்குப் போய்த் திரும்பி வந்துட்டா அந்தப் பழத்த இனி அவரு எடுக்க முடியாதுல்லா?"

ரோச் அன்று மாலை தெருக்கோடிப் பூங்காவுக்குப் போய் ஊஞ்சலில் ஆடிப் பழகினான். காத்திருந்த குழந்தைகளின் தாய்மார்கள் அவனையே பார்த்தார்கள். நாலு ஆட்டத்தில் இறங்கி வேலியோரம் போய் நின்றுகொண்டான்.

விழாக் குழு, வரவேற்புக் குழு, மேடைக் குழு, மேடைக் குழுவைக் கண்காணிக்கும் குழு என்று வேலைகள் நடந்தன. ரெக்ஸை அலுவலகத்துக்கு அழைத்து விதிமுறைகளைப் படித்துக் காட்டினார்கள். கரையில் தோணியைக் கட்டியிருக்கும் கயிற்றில் சிவப்பு ரிப்பன் சுற்றப்படும். சென்னையிலிருந்து வரும் சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டித் தம் கையால் கயிற்றை அவிழ்த்துப் பயணத்தைத் தொடங்கி வைப்பார். வேறு எவரும் அதைத் தொடுவது மரபு மீறல், வாடகை ஒப்பந்தமும் ரத்தாகும்.

"நான் கட்டுன கவுற நான் தொடக்கூடாதா?" என்றார் ரெக்ஸ்.

"சிறப்பு விருந்தினர் எதற்கு வருகிறார் பின்னே?" என்று அருணாசலவடிவு அம்மையார் திருப்பிக் கேட்டார்.

விழா நாளில் பழைய துறைமுகத்தில் 'சலேத் மாதா' அடையாளம் தெரியாமல் நின்றது. தோணியின் நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பதாகை கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் கழகத்தின் பொறுப்பாளர்கள் கைகூப்பிச் சிரித்தார்கள். நடுவில் சாமியானா. முன்பக்கம், அணியத்தில், பெரிய எல்.ஈ.டி. திரை. அதில் ரோச்சின் விளையாட்டு ஓடும், பயணம் நேரலையாகப் போகும். ரோச் மேடையில் விளையாட்டுக் கருவியைப் பிடித்துத் திரையில் கப்பலை ஓட்ட, பின்புறம் ரெக்ஸ் நிஜச் சுக்கானைப் பிடிப்பார் என்று ஏற்பாடு. இரண்டையும் சேர்த்து 'கேப்டன் ரோச் தோணியைச் செலுத்துகிறார்' என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது.

ஏறும் இடத்தில் ரெக்ஸ் நின்றிருந்தார். சட்டைப்பையில் உருண்டையாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

"வாரும் கேப்டன். தொப்பி நல்லாருக்கு. கவுத்துப் பிடிக்கவும் தோதா இருக்கும்."

"அண்ணே!" என்றாள் விஜிலா.

"சொல்லலளா, சொல்லல. போய்ட்டு வரட்டும், பாப்போம். மாப்ள மட்டும் இன்னைக்கு கடலுக்குப் போய்ட்டுக் கரை திரும்புனா, இந்தப் பழத்த நானே தின்னுருதேன். தோலோட."

சிறப்பு விருந்தினர் வெகுநேரம் கழித்து வந்தார். எந்தத் துறையின் அதிகாரி என்று கழகத்திலும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, ஆனால் பெரிய அதிகாரி. வெயில் ஏறிவிட்டதால் குடை பிடித்து, மேளத்தோடு, நேரே மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். எல்லோரும் அமர்ந்ததும் அருணாசலவடிவு அம்மையார் ஒலிபெருக்கியில், "தண்டல் அவர்களே, புறப்படலாம்!" என்று அறிவித்தார். எஞ்சின் உறுமியது. பின்னாலிருந்து ரெக்ஸ் ஏதோ கத்தினார். வரவேற்புரை தொடங்கிவிட்டதால் யார் காதிலும் விழவில்லை.

குத்துவிளக்கு காற்றில் அணைந்தது. திரும்ப ஏற்றினார்கள், திரும்ப அணைந்தது. "கடற்காற்று நம்மை வரவேற்கிறது," என்றார் தலைவர். தோணி அசையத் தொடங்கியது. வலப்பக்கம் சாய்ந்து, யோசித்து, இடப்பக்கம் சாய்ந்தது. ரோச் கருவியை இறுகப் பற்றினான். மாத்திரை தொண்டையிலேயே நின்றது.

"பதினைந்து ஆண்டுகளாகக் கழகம் கடலுக்காக உழைக்கிறது," என்று செந்தூர்பாண்டி பேசினார். "இத்தனை ஆண்டுகளில் கழகத்தின் கப்பல் ஒன்றாவது மூழ்கியதுண்டா? இல்லை. ஏன்? கழகத்துக்குக் கப்பலே இல்லை. கடல் பாதுகாப்பில் இதைவிடப் பெரிய சாதனை எது?"

கைத்தட்டல்.

"கரை கண்ணுக்கே தெரியவில்லை, பாருங்கள்!" என்றார் அடுத்துப் பேசிய அருணாசலவடிவு அம்மையார். உண்மைதான். அவர் கை காட்டிய பக்கம் அவர் படம் போட்ட பதாகைதான் தெரிந்தது.

சிறப்பு விருந்தினர் ஒலிவாங்கிக் கம்பத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கடல் எனக்குப் புதிதல்ல. என் அலுவலக நாற்காலிக்குப் பின்னால் கடல் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பத்து வருசமாக அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இன்று நடுக்கடலில் நிற்கும்போதுதான்... கரையில் இருப்பவர்களுக்கு இது புரியாது."

திரையில் புயல் ஏற்பாடு. செயலாளர்தான் 'கொஞ்சம் அலை பெருசா வையுங்க, பார்வையா இருக்கும்' என்று சொல்லி வைக்கச் செய்தது. திரையில் கடல் மேலே போகும்போது தோணி கீழே போனது. டீசல் புகையும் பின்பக்கம் அடுக்கியிருந்த தக்காளி சாதப் பொட்டலங்களின் வாடையும் சாமியானாவுக்குள் கலந்து நின்றன. திரையோரம் பார்வையாளர்களின் வரிகள் ஓடின. 'கேப்டன் மாஸ்!' 'நிஜக் கடல்ல முதல் லைவ்!' 'லேக் அடிக்குது அண்ணாச்சி.' 'கேப்டன் முகம் ஏன் பச்சையா இருக்கு?' ஒரு துபாய்க்காரர் கரிசனமாக எழுதினார்: 'காக்கா, ஒரு எலுமிச்சம்பழம் மோந்து பாருங்க.'

ரோச் அந்த வரியைப் படித்தான். முன்வரிசையில் விஜிலாவும் படித்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டு, முழுங்கு என்பதுபோல் தொண்டையைக் காட்டினாள். முழுங்கினான். ஒருமுறை. இன்னொரு முறை. அடுத்த அலையில் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, ரெக்ஸ் சொன்னபடியே கவிழ்த்துப் பிடித்து, தங்க ஜரிகைக்குள் லட்சம் பேர் பார்க்க வாந்தி எடுத்தான்.

பிறகு செந்தூர்பாண்டி அவனைத் தாங்கிப் பிடிக்க எழுந்து, வாசனை பட்டதும் திரும்பி, கையிலிருந்த பொன்னாடையை வாயில் வைத்துக்கொண்டார். அது ரோச்சுக்குப் போர்த்த வைத்திருந்தது. பொருளாளர் பதாகையில் தம் சொந்த முகத்தின் மேல் சாய்ந்தார். சிறப்பு விருந்தினர் ஒலிவாங்கியை அணைக்கவில்லை. பழைய துறைமுகம் முழுக்க அவருடைய உரையின் கடைசிப் பகுதி கேட்டது.

சற்றுத் தெளிந்ததும் கழகம் மரபை விடவில்லை. கேப்டனும் கழகமும் ஆழ்கடலின் சீற்றத்தை நேருக்கு நேர் சந்தித்து மீண்டதாகத் தீர்மானம் வாசிக்கப்பட்டது. அலையின் உயரம் இருபது அடி என்று பொருளாளர் முன்மொழிந்தார். சிறப்பு விருந்தினர் படுத்த வாக்கிலேயே வழிமொழிந்தார். இரண்டு கடல் மைல் செலுத்தியதற்கான சான்றிதழை ரோச்சின் கையில் கொடுத்தார்கள். எஞ்சின் நின்றது. கைத்தாங்கலாக ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

ரோச் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வாந்தி எடுத்தது எடுத்ததுதான். ஊரே பார்த்தாயிற்று. ஆனாலும் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் எடுத்த வாந்தி. அது கடலின் குற்றம். அவன் போனான், திரும்பி வந்தான்.

விஜிலா அண்ணன் முன்னால் போய் நின்றாள். இத்தனை வருசத்துப் பேச்சும் அவள் முகத்தில் இருந்தது.

"பாத்தியாண்ணே? கலெக்டர் கணக்கா உள்ளவங்களே தாங்கல. அந்த அலையில எங்க வீட்டுக்காரரு போய்ட்டுத் திரும்பி வந்துட்டாவ. எடு, பழத்த எடு. தோலோட தின்னுருதேன்னு சொன்னல்லா?"

ரெக்ஸ் வாயைத் திறந்தார். தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, தோலோடு ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளிக்காமல் மென்றார்.

விஜிலா சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுக்கப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து ரோச் பார்க்காத சிரிப்பு அது.

அவள் தூரம் போகும்வரை ரெக்ஸ் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலில் கேலியே இல்லை. ரோச்சுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மாப்ள, நான் கத்துனேன். ஒருத்தனும் கேக்கல. நாம தொட்டா ஒப்பந்தம் ரத்துன்னு வேற சொல்லியிருந்தானுவ. எஞ்சினச் சும்மா ஓடவிட்டுட்டு இருந்தேன்." கையில் மிச்சமிருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தங்கச்சிட்ட நான் சொல்ல மாட்டேன். நீரும் சொல்லாதீரும்."

ரோச் அவர் கண் போன பக்கம் குனிந்து பார்த்தான். தோணியைக் கரையோடு கட்டியிருந்த கயிற்றில், காலையில் சுற்றிய சிவப்பு ரிப்பன் வெட்டப்படாமல் இருந்தது.